கார் சைலன்சர் மாற்றும் முன்: எந்த உலோகம், எந்த இடத்துக்கு, எந்த வரிசையில்

"சைலன்சர் ஓட்டையாயிடுச்சு, எஸ்எஸ்ல (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போட்டுடலாமா?" வேலூர்ப் பக்கம் யார் கேட்டாலும் கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது. இந்தக் கேள்வி உண்மையில் நாலாவதாக வரவேண்டியது. அதற்கு முன் மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டால் பதில் தானாகவே வந்துவிடும், செலவும் பாதியாகலாம்.

என் காருக்கும் சொந்தக்காரர்கள், நண்பர்கள் கார்களுக்கும் இந்த வேலையைப் பலமுறை கூடவே நின்று செய்திருக்கிறேன். புதிதாக இறங்குபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் எப்போதும் ஒன்றேதான்: உலோகத்தை முதலில் முடிவு செய்துவிடுகிறார்கள், பழைய சைலன்சரைப் பார்க்காமலே பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறார்கள், வெல்டிங்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போங்கள்.

ஒரு சொல் விளக்கம் மட்டும். நம் ஊரில் இன்ஜினிலிருந்து பின்னால் வரை மொத்தத்தையும் சைலன்சர் என்றே சொல்வோம். இங்கே இன்ஜினை ஒட்டியது மேனிஃபோல்டு, அதற்கு அடுத்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையின் நச்சைக் குறைக்கும் பாகம்), நடுவில் போவது நடு பைப், கடைசியில் இருக்கும் டப்பா பின் சைலன்சர். பல கார்களில் நடுவிலும் ஒரு சின்ன டப்பா இருக்கும்.

## 1. கையில் என்ன இருக்க வேண்டும்

ஒரு நல்ல டார்ச், கொஞ்சம் பலமான காந்தம், வெர்னியர் காலிப்பர், பெரிய ஸ்க்ரூ டிரைவர், சாக்பீஸ், போன் கேமரா. வண்டியைத் தூக்க ஜாக்கியோடு இரண்டு ஸ்டாண்டும் கட்டாயம் வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடாதீர்கள், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் சரி. ஸ்டாண்டு இல்லையென்றால் மெக்கானிக் ஷெட்டில் குழியிலோ லிஃப்டிலோ ஏற்றிப் பார்ப்பதே மேல்.

வண்டி முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் எடுக்கும் முன் பார்ப்பது நல்லது. ஆறிய வண்டியில்தான் சைலன்சருக்குள் நிற்கும் தண்ணீரும் தெரியும்.

## 2. பழையது எங்கே செத்தது, எந்தப் பக்கத்திலிருந்து செத்தது

இந்த வேலையில் மிக முக்கியமான படி இதுதான், எல்லோரும் தாண்டிப் போவதும் இதைத்தான்.

முதலில் ஓட்டை இருக்கும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். காலையில் குளிர்ந்த வண்டியைத் திறந்தவெளியில் ஸ்டார்ட் செய்து, வால் பைப்பை (புகை வெளியே வரும் கடைசிக் குழாய்) தடிமனான ஈரத்துணியால் சில நொடிகள் மட்டும் அடைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். எங்கே 'புஸ்' என்று சத்தம் வருகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. கரி படிந்த கறுப்புத் தடமும் காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் இன்ஜினை நிறுத்திவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று கணீரென்று கேட்கும். உள்ளே அரித்துப்போன இடம் அட்டைப்பெட்டியைத் தட்டியதுபோல மந்தமாகக் கேட்கும். சில இடங்களில் தட்டும்போதே உள்ளே சரசரவென்று துருத்தூள் உருளும் சத்தம் வரும். அப்படிக் கேட்டால் வெளியே பெயின்ட் பளபளவென்று இருந்தாலும் அந்தப் பாகம் போய்விட்டது.

இப்போது அரிப்பு உள்ளிருந்து வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று பாருங்கள். ஓட்டையின் விளிம்பைத் தடவினால் தெரியும். உள்ளிருந்து அரித்ததென்றால் விளிம்பு காகிதம்போல மெலிந்திருக்கும், சுற்றியுள்ள வெளிப்பக்கம் ஓரளவு நன்றாகவே இருக்கும். வெளியிலிருந்து அரித்ததென்றால் துரு அடுக்கடுக்காக உரிந்து வரும், ஓட்டையைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்குச் சொரசொரப்பாக இருக்கும்.

இதை ஏன் இவ்வளவு கவனமாகப் பார்க்கச் சொல்கிறேன்? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. சூட்டில் அது ஆவியாக வெளியே போய்விடும். குளிர்ந்த தகட்டில் பட்டால் சைலன்சருக்குள்ளேயே தண்ணீராக நின்றுவிடும். எரிபொருளில் உள்ள கந்தகமும் எரியும்போது உண்டாகும் நைட்ரஜன் ஆக்சைடும் அதில் கரைந்து லேசான அமிலமாகிவிடுகின்றன. 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் என்னும் புகைத் தரம்) எரிபொருளில் கந்தகம் பத்து லட்சத்துக்கு 10 பங்குதான், அதற்கு முந்தைய பிஎஸ்-4-இல் 50. அமிலம் குறைந்திருக்கிறது, ஆனால் தண்ணீர் குறையவில்லை. சிஎன்ஜி வண்டிகளில் தண்ணீர் இன்னும் அதிகம். ஒரு கிலோ எரிந்தால் இரண்டு லிட்டருக்கு மேல் வரும்.

நம் ஊர்ச் சாலையில் பனி கிடையாது, பனிக்கு உப்புத் தூவும் வழக்கமும் இல்லை, கடலும் தூரம். அதனால் வேலூர்க் கார்களில் நான் பார்த்தவரை பெரும்பாலும் பின் சைலன்சர்தான் முதலில் போகிறது, அதுவும் உள்ளிருந்து, அடிப்பக்கத்தில். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு "கீழே பூராவும் கோட்டிங் அடிச்சுடலாம்" என்று கிளம்புபவர்கள், இல்லாத எதிரிக்குக் காசு செலவழிக்கிறார்கள்.

மூன்றாவது வகைச் சாவு ஒன்று உண்டு: அடிபட்டு, விரிந்து, வெல்டிங்கில் கீறிக்கொள்வது. ஸ்பீடு பிரேக்கரில் உரசிய தடம் இருக்கிறதா, சைலன்சரைத் தொங்கவிடும் ரப்பர் ஹேங்கர் அறுந்திருக்கிறதா, இன்ஜின் மவுன்டிங் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஹேங்கர் அறுந்து வெல்டிங் விட்டுப்போன வண்டிக்கு எவ்வளவு விலையுயர்ந்த உலோகம் போட்டாலும் அதே இடத்தில் மறுபடி கீறும்.

எல்லாவற்றையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பாகத்தை வேலை முடியும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

## 3. உங்கள் ஓட்டம் எப்படிப்பட்டது

சத்துவாச்சாரியிலிருந்து பழைய பஸ் ஸ்டாண்டு வரை, காந்தி நகரிலிருந்து காட்பாடி ஸ்டேஷன் வரை, பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வீடு. இப்படி நாலைந்து கிலோமீட்டர் ஓட்டம் மட்டுமே உள்ள கார்தான் சைலன்சரை வேகமாகத் தின்னும். இன்ஜின் சூடாகிவிடும், ஆனால் பின் சைலன்சர் உள்ளே தேங்கிய தண்ணீர் காயும் அளவுக்குச் சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிடுகிறோம். உள்ளே ஊறிய தண்ணீர் அப்படியே நாள்முழுக்க நிற்கும்.

தினமும் ராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ ஹைவேயில் போய்வரும் காரில் இந்தப் பிரச்சினை வெகுவாகக் குறையும். உள்ளே காய்ந்துவிடும். அந்த வண்டிக்கு ஒரு படி குறைந்த உலோகம் போதும்.

தோல் பதனிடும் இடங்களுக்குத் தினமும் போகிறவர்கள் தனிக் கணக்கு. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வருகிறது, அதை உதறும் இடத்தில் உப்புத்தூள் பறக்கும், தரையில் உப்புநீர் நிற்கும். அந்த வளாகத்துக்குள்ளேயே வண்டி நிற்கிறதென்றால் உங்களுக்குக் கடலோரக் கார் கணக்குதான். உப்பு எஸ்எஸ்ஸையும் விடாது, புள்ளிப்புள்ளியாகத் துளைக்கும்.

2021 நவம்பரில் பாலாறு பெருக்கெடுத்தபோது தாழ்வான இடங்களில் தண்ணீருக்குள் நின்ற கார்களும் ஒரு தனி ரகம். வால் பைப் வழியாகச் சேறு உள்ளே போயிருந்தால் டப்பா வடிவதே இல்லை. அப்படி நின்ற வண்டியில் பைப் நன்றாக இருந்தாலும் பின் டப்பாவைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள்.

கடைசியாக, இந்த வண்டியை இன்னும் எத்தனை வருஷம் வைத்திருக்கப்போகிறீர்கள்? இரண்டு வருஷத்தில் விற்கப்போகும் வண்டிக்கு விலை கூடிய 304 ரக எஸ்எஸ் போடுவதில் பொருளில்லை.

## 4. பாகம் பாகமாக உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் உலோகம். மொத்தத்துக்கும் ஒரே உலோகம் என்று யோசிக்காதீர்கள். முன்பக்கம் சூட்டால் சாகிறது, பின்பக்கம் தண்ணீரால் சாகிறது. இரண்டுக்கும் மருந்து வேறு.

மேனிஃபோல்டு வார்ப்பிரும்பிலோ சூடு தாங்கும் எஸ்எஸ்ஸிலோ இருக்கும். பெட்ரோல் இன்ஜினில் அங்கே 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை போகும். கீறாமல் இருந்தால் கைவைக்காதீர்கள். கீறியிருந்தால் கம்பெனி பாகம் வாங்குங்கள், இங்கே உள்ளூரில் செய்துபோடுவது வேண்டாம்.

கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுத்துவிட்டு நேர் பைப் போடுவதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். சட்டப்படி தப்பு, புகைச் சோதனையில் தேறாது, புதிய வண்டிகளில் செக் இன்ஜின் விளக்கும் எரியும். அதற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் பழையதற்கு நல்ல விலை உண்டு. "அடைச்சுக்கிச்சு சார், எடுத்துடலாம்" என்று யாராவது சொன்னால், அடைத்ததைக் காட்டச் சொல்லுங்கள்.

நடு பைப்பிலும் பின் சைலன்சரிலும்தான் உங்களுக்கு உண்மையான தேர்வு இருக்கிறது.

சாதா எம்எஸ் (மைல்டு ஸ்டீல், அதாவது சாதாரண இரும்புத் தகடு). மேலே கறுப்பு பெயின்ட் அடித்து மலிவாகக் கிடைப்பது. வெளியே பெயின்ட் காப்பாற்றும், உள்ளே காப்பாற்ற எதுவும் இல்லை. குறுகிய ஓட்டம் உள்ள காரில் பின் டப்பாவுக்கு இதைப் போடவே போடாதீர்கள். ஹைவேயில் ஓடும், சீக்கிரம் விற்கப்போகும் வண்டியின் நடு பைப்புக்குப் பரவாயில்லை.

அலுமினியம் பூசிய ஸ்டீல். எம்எஸ் தகட்டின் இருபக்கமும் அலுமினியமும் கொஞ்சம் சிலிக்கானும் கலந்த பூச்சு. மங்கலான வெள்ளிச் சாம்பல் நிறத்தில், பளபளப்பில்லாமல் இருக்கும். உள்ளேயும் பூச்சு இருப்பதுதான் இதன் பலம். சுமார் 650 டிகிரி வரை பூச்சு தாங்கும், நடு பைப்புக்கும் பின் டப்பாவுக்கும் அதுவே தாராளம். பலவீனம் ஒன்றுதான்: வெட்டிய விளிம்பிலும் வெல்டிங் செய்த இடத்திலும் பூச்சு எரிந்துபோய்விடும், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கொடுக்கும் காசுக்கு வேலூர் மாதிரி ஊருக்கு இதுதான் என் முதல் பரிந்துரை.

409 எஸ்எஸ். சுமார் 11 சதவீதம் குரோமியம், கொஞ்சம் டைட்டானியம், நிக்கல் கிட்டத்தட்ட கிடையாது. கார் கம்பெனிகள் பரவலாகப் போடுவது இந்த ரகம். காந்தம் ஒட்டும். சில மாதத்தில் மேலே பழுப்பாகிவிடும், அதைப் பார்த்துவிட்டு "எஸ்எஸ்னு சொல்லி ஏமாத்திட்டாங்க" என்று சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மேல்துரு, ஆழமாக இறங்காது. குறுகிய ஓட்டம், வண்டியை ஏழெட்டு வருஷம் வைத்திருக்கும் எண்ணம் என்றால் பின் டப்பாவுக்கு இதை எடுங்கள். கம்பெனி டப்பா இந்த ரகமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. விலை அதிகம் என்று தள்ளிவிடும் முன் இதை நினைத்துப் பாருங்கள். 439 கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் குரோமியம் 17 சதவீதத்துக்கு மேல்.

304 எஸ்எஸ். 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். துருவுக்கு நன்றாக நிற்கும், காந்தம் ஒட்டாது. விலை அதிகம், விரிவும் அதிகம் (அதை ஆறாவது படியில் சொல்கிறேன்). சிஎன்ஜி வண்டி, உப்புப் பறக்கும் வளாகம், பத்து வருஷத் திட்டம், இந்த மூன்றில் ஒன்று இருந்தால் போடலாம்.

ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்). தண்ணீர் பைப் துண்டை வெட்டி ஒட்டுப்போடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அனுமதிக்காதீர்கள். துத்தநாகப் பூச்சு 419 டிகிரியில் உருகும். வெல்டிங் செய்யும்போது வரும் வெள்ளைப்புகையை முகர்ந்தால் செய்பவருக்குக் காய்ச்சல் வரும், குளிரில் நடுங்குவார். பூச்சு போன பிறகு எஞ்சுவதும் வெறும் எம்எஸ்தான்.

## 5. கடையில் எப்படிச் சோதிப்பது

என் பழைய காருக்கு ஒருமுறை கம்பெனி டப்பா இல்லாமல் வெளிப்பட்டறையில் செய்த டப்பா ஒன்று வாங்கினேன். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "பாருங்க சார், ஒட்டல, சுத்தமான எஸ்எஸ்" என்றார். நானும் நம்பினேன். இரண்டு மழைக்காலம் தாண்டியதும் மூடியின் வெல்டிங்கை ஒட்டி ஆரஞ்சு நிறக் கோடு, அப்புறம் ஊசிமுனை ஓட்டைகள். பிறகு சோதித்துப் பார்த்தபோது அது 202 ரக எஸ்எஸ்.

202-இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைச் சேர்த்திருப்பார்கள். மாடிப்படிக் கைப்பிடி, கேட், நாற்காலி எல்லாம் பெரும்பாலும் இதில்தான் வருகிறது. அதற்கும் காந்தம் ஒட்டாது! அதனால் காந்தம் ஒட்டவில்லை என்றால் அது 304 என்று அர்த்தமில்லை. காந்தம் ஒட்டுகிறது என்றால் மட்டமானது என்றும் அர்த்தமில்லை, அது 409-ஆக இருக்கலாம். வெளியே வேலை செய்பவர்கள் கைப்பிடிக்கு வாங்கிய மீதிக் குழாயையே சைலன்சருக்கும் போட்டுவிடுவார்கள். அவர்கள் கண்ணுக்கு இரண்டும் எஸ்எஸ்தான்.

202-ஐயும் 304-ஐயும் பிரித்துச் சொல்ல, எஸ்எஸ் வியாபாரிகளிடம் ஒரு சொட்டு மருந்தும் சின்ன பேட்டரியும் இருக்கும். தகட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து ஒரு சொட்டு விட்டு பேட்டரி முனையை வைத்தால், மாங்கனீஸ் அதிகமுள்ள 202-இல் சொட்டு சிவந்துவிடும். 304-இல் அப்படிச் சிவக்காது. கடைக்காரர் முன்னாலேயே சோதிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை.

டப்பாவாக வாங்கும்போது வெளித்தோலை மட்டும் பார்க்காதீர்கள். வெளியே எஸ்எஸ், உள்ளே தடுப்புத் தகடும் ஓட்டைக் குழாயும் எம்எஸ், இது மிகச் சகஜம். வால் பைப் வழியாக டார்ச் அடித்து, நீளமான கம்பியின் நுனியில் சின்னக் காந்தம் கட்டி உள்ளே தொட்டுப் பாருங்கள். 304 என்று விற்கும் டப்பாவுக்குள் காந்தம் பலமாக ஒட்டினால் உள்ளே இருப்பது வேறு. வளைத்த இடத்தில் 304-இலும் லேசாக ஒட்டும், அதைப் பெரிதுபடுத்த வேண்டாம்.

பில்லில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குங்கள். வெறும் 'எஸ்எஸ் சைலன்சர்' என்று எழுதினால் நாளைக்குப் பேச உங்களுக்கு ஒன்றுமில்லை.

## 6. கனமும் விரிவும்

கனம் பார்க்க வெர்னியர். பைப்புக்கு 1.2 மி.மீ. குறைந்தபட்சம், 1.5 மி.மீ. நன்று. 0.8 மி.மீ. 304-ஐவிட 1.5 மி.மீ. அலுமினியம் பூசிய ஸ்டீலை நான் எடுப்பேன். மெல்லிய தகடு அதிரும், தகரடப்பா சத்தம் வரும், வெல்டிங்கில் பொத்துக்கொள்ளும். விளிம்பை வெறும் கண்ணால் பார்த்துக் கனத்தை முடிவு செய்யாதீர்கள், வெட்டும்போது விளிம்பு பிதுங்கி அதிகமாகத் தெரியும்.

பைப்பின் உள்விட்டத்தைக் கம்பெனி அளவிலேயே வையுங்கள். பெரிதாக்கினால் சத்தம்தான் கூடும், மோட்டார் வாகன விதிகளில் 120-ஆவது விதி சைலன்சர் சத்தத்தைப் பற்றியதுதான்.

இனி விரிவு. இரண்டு மீட்டர் நீளமுள்ள பைப் 300 டிகிரி சூடேறினால் 304 சுமார் 10 மி.மீ. நீளும். 409-ஓ எம்எஸ்ஸோ ஏறக்குறைய 7 மி.மீ. எம்எஸ் இருந்த இடத்தில் அப்படியே 304 வைத்து இறுக்கிவிட்டால் அந்தக் கூடுதல் நீளம் எங்கே போகும்? ஹேங்கரை இழுக்கும், ஃபிளான்ஜில் (இரண்டு பைப்பை போல்ட் போட்டு இணைக்கும் இடம்) கேஸ்கெட்டை (நடுவில் கசிவை அடைக்கும் தகடு) பிய்க்கும், கடைசியில் வெல்டிங்கில் கீறும். அதனால் 304 போடுபவர்கள் முன்பக்கம் இருக்கும் ஃபிளெக்சிபிள் பைப் (கம்பிப் பின்னல் போட்ட, வளைந்துகொடுக்கும் துண்டு) நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். அதன் பின்னல் பிரிந்திருந்தால் சேர்த்தே மாற்றுங்கள். அதை எடுத்துவிட்டு நேர் பைப் வெல்டிங் செய்கிறேன் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

## 7. வெல்டிங்கை உலோகத்துக்கு முன்பே பேசுங்கள்

நல்ல உலோகத்தைக் கெட்ட வெல்டிங் ஒரே மழைக்காலத்தில் கொன்றுவிடும். அதனால் குழாய் வாங்கும் முன் வெல்டரைப் பிடியுங்கள்.

304-க்கும் 409-க்கும் ஆர்கான் வாயு வைத்துச் செய்யும் டிக் வெல்டிங் வேண்டும். சாதா ஆர்க் ராடு மெல்லிய பைப்பைப் பொத்துவிடும், எம்எஸ் ராடாக இருந்தால் அந்தக் கோடு மட்டும் துருப்பிடிக்கும். இந்த விஷயத்தில் நம் பக்கம் கொடுத்துவைத்த ஊர். ராணிப்பேட்டையில் பெல் (பிஎச்இஎல்) நிறுவனத்தின் பாய்லர் துணைக்கருவித் தொழிற்சாலை இருக்கிறது, அதற்கு வேலை செய்யும் சின்னப் பட்டறைகள் சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கம் நிறைய. அங்கே கைதேர்ந்த டிக் வெல்டர் கிடைப்பார். கார் பட்டறையில் டிக் இல்லையென்றால் பைப்பை அளவெடுத்து, புள்ளி வெல்டிங் மட்டும் வைத்து, கழற்றிக்கொண்டு அங்கே போங்கள்.

அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒன்று, எந்த ராடு (வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் கம்பி)? 304-உடன் 304 சேர்க்க 308எல், எஸ்எஸ்ஸை எம்எஸ்ஸுடன் சேர்க்க 309எல் என்று பதில் வரவேண்டும். இரண்டு, உள்ளே ஆர்கான் விடுவீர்களா? எஸ்எஸ் வெல்டிங்கில் குழாயின் உட்பக்கத்துக்கும் ஆர்கான் கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் கருகிய வெல்லப்பாகு மாதிரி பொரிந்து கறுப்பாகிவிடும். அந்தப் பொருக்கில்தான் தண்ணீர் தங்கும், அரிப்பு ஆரம்பிக்கும். குழாயின் இருபக்கமும் டேப் ஒட்டி ஒரு பக்கம் வாயு விட்டால் போதும், பெரிய வேலை ஒன்றுமில்லை. வெளியே அழகாக இருக்கும் வெல்டிங்கை நம்பாமல், முதல் இணைப்பு முடிந்ததும் டார்ச் அடித்து உள்பக்கத்தைப் பாருங்கள்.

304 தகடு 425 முதல் 860 டிகிரி சூட்டில் அதிக நேரம் இருந்தால் குரோமியம் கார்பனோடு சேர்ந்துவிடும், வெல்டிங் ஓரம் துருவுக்குத் திறந்த வீடாகிவிடும். அதற்காகத்தான் கார்பன் குறைந்த 304எல் கிடைத்தால் வாங்கச் சொல்வது, ஒரே இடத்தில் திரும்பத்திரும்ப வெல்டிங் வேண்டாம் என்பதும்.

அலுமினியம் பூசிய ஸ்டீலுக்கு மிக் வெல்டிங் (கம்பி தானாக வந்து உருகும் வகை) போதும். முடிந்ததும் பிரஷ்ஷால் தேய்த்து, 600 டிகிரி தாங்கும் அலுமினியம் பெயின்ட்டை வெல்டிங்குக்கு இருபுறமும் இரண்டு விரல் அகலத்துக்கு அடியுங்கள். இதை மறந்தால் மீதிப் பூச்சு இருந்தும் பயனில்லை.

வண்டியிலேயே வைத்து வெல்டிங் செய்வதென்றால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், ஆக்சிஜன் சென்சாரின் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) சாக்கெட்டைப் பிரியுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்ப் சைலன்சர் பைப்பிலேயே இருக்கட்டும், பாடியிலோ இன்ஜினிலோ வேண்டாம். பெட்ரோல் டேங்கும் லைனும் பக்கத்தில் இருக்கும், தீயணைக்கும் கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்.

## 8. கழற்றும் வரிசை, மாட்டும் வரிசை

முதல் நாள் இரவே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்துவிடுங்கள். மறுநாள் அவசரமாக முறுக்கி மேனிஃபோல்டு ஸ்டட்டை (தலையில்லாத போல்ட்) ஒடித்துக்கொண்டால் அரை நாள் வேலை இரண்டு நாளாகிவிடும். ஒடிந்த ஸ்டட்டைத் துளைத்து எடுப்பதைப்போல வெறுப்பான வேலை இதில் வேறில்லை.

பின்னாலிருந்து முன்னால் கழற்றுங்கள். ரப்பர் ஹேங்கரைக் கடைசியில் எடுங்கள், இல்லாவிட்டால் டப்பாவின் முழு எடையும் முன்பக்க ஃபிளெக்சிபிள் பைப்பில் தொங்கி அதைக் கிழித்துவிடும்.

மாட்டும்போது முன்னாலிருந்து பின்னால். எல்லா போல்ட்டையும் கைமுறுக்கில் விட்டு, ஹேங்கரில் தொங்கவிட்டு, அது தானாக எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பாடிக்கும் பைப்புக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும், பிரேக் லைன், பெட்ரோல் லைன், ஹேண்ட் பிரேக் கேபிள் பக்கம் இன்னும் அதிக இடைவெளி. சரி என்று தெரிந்த பிறகே முன்பக்கத்திலிருந்து இறுக்கிக்கொண்டு வாருங்கள். ஒரு முனையை முதலிலேயே இறுக்கிவிடுவதுதான் இங்கே எல்லோரும் செய்யும் தப்பு.

கேஸ்கெட்டும் ரப்பரும் புதியதாகவே இருக்கட்டும். பழைய ரப்பரைக் கையால் வளைத்துப் பாருங்கள், வெடிப்புத் தெரியும். நட்டுக்குச் சூடு தாங்கும் கிரீஸ் தடவி மாட்டினால் அடுத்த முறை கழற்ற வரும்.

டப்பாவின் அடியில், மிகத் தாழ்வான இடத்தில், 3 மி.மீ. வடிகால் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி டப்பாக்களில் பலவற்றில் இருக்கும். வெளியே செய்யும் டப்பாவில் போடச் சொல்லுங்கள். "ஓட்டை எதுக்கு சார், இப்பதானே ஓட்டைய அடைச்சோம்" என்பார்கள். உள்ளே நிற்கும் தண்ணீர் வெளியேற அது ஒன்றுதான் வழி. குறுகிய ஓட்டக் காருக்கு உலோகத்தின் ரகம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்த ஓட்டை.

## 9. வேலை முடிந்த முதல் வாரம்

ஸ்டார்ட் செய்து, இரண்டாவது படியில் செய்த ஈரத்துணிச் சோதனையையே மறுபடி செய்யுங்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே போய்ச் சென்சார் தப்பாகப் படிக்கும், மைலேஜ் விழும். காருக்கு அடியில் கசிவு இருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரலாம். அதற்கு மணம் கிடையாது. ஓட்டைச் சைலன்சரோடு ஏசி போட்டுக்கொண்டு வண்டிக்குள் யாரும் தூங்கக்கூடாது, அரை மணி நேரம்கூட.

முதல் நாள் வெல்டிங்கும் பெயின்ட்டும் கொஞ்சம் புகையும், வாடை வரும், பயப்பட வேண்டாம். பெயின்ட் இறுகுவதற்கு ஹைவேயில் ராணிப்பேட்டை வரை ஒருமுறை போய்வாருங்கள். டவுனுக்குள் மட்டுமே ஓடும் காரை அதற்கப்புறமும் வாரம் ஒருமுறை அப்படி ஓட்டினால் டப்பா உள்ளே காய்ந்துவிடும்.

500 கிலோமீட்டர் ஓடியதும், வண்டி ஆறிய பிறகு, கிளாம்பையும் ஃபிளான்ஜ் போல்ட்டையும் ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். சூடேறிச் சூடேறிக் கேஸ்கெட் அமுங்கியிருக்கும், கால் சுற்றாவது போகும். அப்படியே ஒரு மெல்லிய கம்பியை வடிகால் ஓட்டையில் விட்டு எடுங்கள், கரியும் பெயின்ட்டும் அடைத்திருந்தால் திறந்துகொள்ளும். குறுகிய ஓட்டம் ஓடி நிறுத்திய மறுநாள் காலை டப்பாவுக்கு நேர் கீழே தரையில் ஐந்து ரூபாய் காசு அளவுக்கு ஈரம் தெரிந்தால் ஓட்டை வேலை செய்கிறது.